பாம்பன் தீவில் ஒற்றை ஆளாக மனு எழுதப் போகிறவர்களுக்கு

இராமேஸ்வரம் தீவில் கடற்கரை மணல்மேட்டில் ஜேசிபி இறங்கிவிட்டது, வேலி போடுகிறார்கள், தண்ணீருக்குப் போர்வெல் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் கை தானாக போனை எடுக்கும். நாலு படம், ஒரு வீடியோ, வாட்ஸ்அப்பில் "இதைக் கேட்க ஆளே இல்லையா" என்று ஒரு வரி. அதற்கு நூறு பேர் கும்பிடு போட்டாலும் ஒரு சட்டி மண்கூடத் திரும்பி வராது. அப்படியொரு கடலோரக் கட்டுமானத்தை எதிர்த்து, துணைக்கு ஆளில்லாமல் கடைசி வரை போய் வந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். எங்கே காசு கரையும், எங்கே நாள் போகும், எந்த இடத்தில் மனசு விட்டுப்போகும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிஞ்சியிருக்கும். எந்தக் கட்டடம், யாருடையது என்பது இங்கே தேவையில்லை. அடுத்தவருக்கு உதவும் சங்கதிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை சர்வே எண். "கோயிலுக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில்" என்று எழுதின மனுவை எந்த அலுவலகமும் ஒரு நிமிடத்தில் ஓரம் தள்ளிவிடும். போனில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டு, அரசின் நில வரைபடத் தளத்தில் பொருத்திப் பார்த்தால் சர்வே எண்ணும் உட்பிரிவும் கிடைக்கும். அதை வைத்து அரசின் இணையச் சேவைத் தளத்தில் அ-பதிவேட்டையும், நிலத்தின் எல்லைகளை வரைந்த புலப்படத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். அ-பதிவேட்டில்தான் அது பட்டா நிலமா, புறம்போக்கா என்பது தெரியும். பட்டா என்றால் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள்; நிலம் எந்த வருஷம் கைமாறியது என்பது பின்னால் உதவும். இராமேஸ்வரம் நகராட்சிக்குள் வரும் இடமாக இருந்தால் நகர நில அளவை எண் வேறு, பழைய சர்வே எண் வேறு. இரண்டையும் எழுதாவிட்டால், "இந்த எண்ணில் அப்படி ஒரு இடமே இல்லை" என்று பதில் வரும். பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள். அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

அடுத்தது படம். வாட்ஸ்அப்பில் அனுப்பின படத்தில் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். போனில் இருக்கும் மூலக் கோப்பை அப்படியே ஒரு பென் டிரைவிலும் மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள்; யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். எடுக்கிறபோது அசையாத அடையாளம் ஒன்று படத்துக்குள் வரட்டும், மின்கம்பமோ பனைமரமோ. வாரா வாரம் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் எடுத்தால் கட்டடம் வளர்வது தானாகத் தெரியும். மின்னணு ஆவணத்தை வழக்கில் வைக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்று நீங்கள் கையெழுத்திடுவது, இன்னொன்று நிபுணர் கையெழுத்திடுவது. கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். மூலக் கோப்பை அழித்துவிட்டு வக்கீலிடம் போய் நின்றால் அவர் என்ன செய்வார், பாவம்.

பழைய நிலையைக் காட்டக் கூகுள் எர்த் போதும். வரலாற்றுப் படங்களில் வருஷம் வருஷமாகப் பின்னோக்கிப் போய், மணல்மேடு முழுசாக இருந்த தேதி, வெட்டுப்பட்ட தேதி இரண்டையும் அச்சிட்டு, மேலே சர்வே எல்லையைக் கையால் வரைந்துகொள்ளலாம். டிரோன் ஆசை வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், தீவைச் சுற்றிக் கடலோரக் காவல், எதிரே இலங்கை. அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் புகார் கொடுத்தவர் மேலேயே வழக்கு வரும், எதிர்த்தரப்புக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. இதே காரணத்துக்காகத்தான் குருசடை மாதிரித் தீவுகளில் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது என்பதும். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே நுழைய வனத்துறை அனுமதி வேண்டும், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

இனி சி.ஆர்.இசட். எனப்படும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. கடைசியாக வந்தது 2019 ஜனவரி 18-ஆம் தேதியிட்டது. பலரும் கடல் தண்ணீர் தொடும் இடத்திலிருந்து டேப் பிடித்து, "நூத்தி இருபது மீட்டர்தான் இருக்கு சார்" என்று மனுவில் எழுதுகிறார்கள். அந்த அளவு செல்லாது. கணக்கு, பெரிய ஓதத்தில் கடல் ஏறி நிற்கும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து தொடங்கும்; அந்தக் கோட்டை வரைய அதிகாரம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன, சென்னையில் இருக்கும் தேசிய நீடித்த கடலோர மேலாண்மை மையம் போல. நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது அந்த இடத்துக்கான 1:4000 அளவு கடலோர மண்டல மேலாண்மை வரைபடம். அதில் சர்வே எண்களும் உயர் அலைக் கோடும் சேர்ந்தே இருக்கும். கிராமப் பகுதியில் கட்டடத் தடை 50 மீட்டரா 200 மீட்டரா என்பது மக்கள் அடர்த்தியைப் பொறுத்து மாறுவதால், அதை நீங்களாக முடிவு செய்து வாதாட வேண்டாம். அதைவிட உறுதியான பிடி வேறு இரண்டு உண்டு. மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை, கடல்புல் படுகை, பவளப்பாறை எல்லாம் அந்த அறிவிக்கையின் ஐ-ஏ பிரிவில் வரும், அங்கே கட்டுப்பாடு மிகக் கடுமை. விடுதிகளுக்காக உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கவும் தடை இருக்கிறது. கட்டடம் எத்தனை மீட்டர் என்ற சண்டையில் மாட்டிக்கொள்ளாமல், மேட்டை இடித்தார்களா, போர் போட்டார்களா என்று கேளுங்கள். அவை இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள்.

இப்போது நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டம், 2010. அதன் 14-ஆம் பிரிவில் மனுப் போட, வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான். போதுமான காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தரலாம், அதற்கு மேல் இல்லை. முதன்முதலில் என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் மனு கொடுத்த நாளோ, கட்டடம் முடிந்த நாளோ கணக்கில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் ஜேசிபி இறங்கின நாளைத்தான் பிடிப்பார். அனுமதி ஆணை ஒன்று வழங்கப்பட்டு அதை எதிர்ப்பதாக இருந்தால் 16-ஆம் பிரிவு, அதற்கு 30 நாள், கூட 60 நாள். சேதத்தைச் சீர்செய்யவும் இழப்பீடும் கேட்கும் 15-ஆம் பிரிவுக்கு மட்டும் ஐந்து வருஷம்.

இதன் பக்கத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கணக்கை வைத்துப் பாருங்கள். பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ முதல் மேல்முறையீடு. அதை முடிக்க 30 முதல் 45 நாள். அங்கேயும் கிடைக்காவிட்டால் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு, அது எப்போது விசாரணைக்கு வரும் என்று கடலம்மாவுக்குத்தான் வெளிச்சம். "எல்லா ஆவணமும் கைக்கு வரட்டும், பிறகு வழக்குப் போடலாம்" என்று நிதானமாக இருக்கிற நல்ல மனுஷர்கள்தான் இந்த இடத்தில் விழுகிறார்கள். ஆவணம் வருவதற்குள் ஆறு மாதம் முடிந்திருக்கும். வந்த ஆவணம் அத்தனையும் உங்கள் பக்கம் பேசும், மனு மட்டும் காலம் கடந்தது என்று தள்ளுபடியாகும். அந்த ஆத்திரத்தை யார் மேலும் காட்ட முடியாது, அதுதான் கொடுமை. அதனால் ஒரு நாள்காட்டியில் ஜேசிபி இறங்கின தேதியைக் குறித்து, அதிலிருந்து நாலாவது மாதக் கடைசியில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்து மனுவைப் போட்டுவிட்டு, மீதியைக் கூடுதல் ஆவணமாகப் பிறகு தாக்கல் செய்யலாம்.

தகவல் கேட்கும் விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். விலை மலிவு, எழுதும் விதத்தில்தான் சூட்சுமம். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்", "யார் பொறுப்பு" என்று கேட்டால், காரணமும் கருத்தும் தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "சர்வே எண் இன்னதில் கட்டுமானத்துக்கு வழங்கப்பட்ட திட்ட அனுமதி ஆணையின் நகல், அனுமதி வழங்கப்படவில்லை எனில் அந்த விவரம்" என்று கேளுங்கள். ஆள் பெயரைப் போட்டுக் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுக்க வழி கிடைக்கும். சர்வே எண்ணைப் போட்டுக் கேட்டால் மறுக்க அந்த வழி இருக்காது. ஒரே விண்ணப்பத்தில் இருபது கேள்வி வேண்டாம். ஊராட்சி அல்லது நகராட்சிக்குத் திட்ட அனுமதி பற்றி ஒன்று, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு ஒன்று, ஆட்சியர் தலைமையில் இருக்கும் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு ஒன்று, மின்வாரியத்துக்குத் தற்காலிக இணைப்பு கொடுத்த தேதி கேட்டு ஒன்று என்று ஒரே நாளில் தனித்தனியாக அனுப்புங்கள். மின் இணைப்புத் தேதியை யாரும் மறைக்க நினைப்பதில்லை, ஆனால் வேலை தொடங்கின நாளுக்கு அது நல்ல சாட்சி. தப்பான அலுவலகத்துக்குப் போய்விட்டால் 6(3) பிரிவுப்படி ஐந்து நாளில் அவர்களே சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும். கோப்பையே நேரில் பார்க்கவும் உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரம் இலவசம். நகல் வாங்குவதைவிட இது மேல், ஏனென்றால் கோப்பின் ஓரத்தில் எழுதின குறிப்புகளில்தான் யார் எதிர்த்தார், யார் கையெழுத்துப் போட்டார் என்பது தெரியும்.

தீவுக்காரருக்கு ஒரு தனிச் செலவு பாலத்தைத் தாண்டுவது. மாவட்டத் தலைமை அலுவலகங்கள் இராமநாதபுரத்தில், இராமேஸ்வரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போனால் அன்றைய கூலி போச்சு. மனு ஆட்சியரிடமிருந்து கோட்டாட்சியர், அங்கிருந்து தாசில்தார், அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர் என்று கீழே இறங்கி, நீங்கள் எந்த ஊரிலிருந்து கிளம்பினீர்களோ அதே ஊருக்கு வந்து சேரும். பிறகு ஒரு குறுஞ்செய்தி: நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடிக்கப்பட்டது. போய்ப் பார்த்தால் மேல்தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் தடவை வயிறு எரியும். ஆனால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். மனு எண்ணைப் போட்டு, "இந்த மனு மீது கிராம நிர்வாக அலுவலர் அளித்த அறிக்கையின் நகல்" என்று உடனே தகவல் கேளுங்கள். நேரில் போகாமலே இடம் பார்த்ததாக எழுதின அறிக்கை கிடைத்தால் அது வழக்கில் உங்களுக்குச் சாதகம். அடுத்தடுத்த மனுக்களை நேரில் போய்க் கொடுக்க வேண்டியதில்லை. ஒப்புகையோடு தபாலில் போட்டாலும் அதே மதிப்புதான், ஒரு நாள் கூலி மிச்சம்.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு மிரட்டுவது எதிர்பார்த்ததுதான். அப்படி ஏதும் நடந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வரக் கூடாது. படம் எடுக்கப் போகும்போது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதைவிட நோகடிப்பது சொந்த ஊர்ப் பேச்சு. "தம்பிக்கு எங்கிருந்தோ காசு வருது" என்று டீக்கடையில் காதுபடச் சொல்வார்கள். இதில் ஊர்க்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பாசி எடுக்கப் போன பெண்களைத் தீவுப் பக்கம் விடாமல் தடுத்தது, கடல் அட்டைக்கு 2001-இல் தடை வந்தது என்று, சுற்றுச்சூழல் என்ற பெயரில் வந்த எல்லாமே அவர்கள் பிழைப்பில் கை வைத்தே வந்திருக்கிறது. அந்தப் பெயரோடு போய் நின்றால் சந்தேகப்படுவது நியாயம். ஆமையைக் காப்பாற்றக் கையெழுத்துக் கேட்டால் நாலு பேர் போடுவார்கள். கிணறு உப்பாகிறது என்று காட்டினால் தெருவே வரும். என் பார்வையில் இந்தத் தீவில் எந்தச் சூழல் வழக்கையும் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தீவின் நன்னீர் எப்படி இருக்கிறது என்று புரிந்துகொண்டால் இது ஏன் என்று விளங்கும். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியல் கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், மேல்மட்டம் ஒரு மீட்டர் இறங்கும்போது அடியிலிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏறி வரும். தனுஷ்கோடியில் கையால் தோண்டின மணல் ஊற்றில் குடிநீர் கிடைப்பதும், பக்கத்தில் ஆழமாகப் போர் போட்டு மோட்டார் ஓட்டினால் அது கெடுவதும் இதனால்தான். இதைப் பேச்சாக விடாமல் எண்ணாக மாற்றுங்கள். நீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்க, கடையில் கிடைக்கும் டி.டி.எஸ். பேனா போதும். 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசலில் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். பேனாவுக்குப் பேனா அளவு மாறும், ஆகவே கடைசி வரை ஒரே பேனா. அதே கிணறுகள், விடியற்காலையில் யாரும் இறைக்கும் முன், நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து, மழை பெய்ததா என்பதையும் சேர்த்து நோட்டில் எழுத வேண்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை அனுமதி என்பது இந்தியத் தர அளவு. பேனா எண் ஊரைச் சேர்க்கத்தான் உதவும். தீர்ப்பாயத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தின் சான்று வேண்டும். மாதிரி எடுக்கும் பாட்டிலை அதே கிணற்று நீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, தேதி, நேரம், கிணற்றுச் சொந்தக்காரர் கையெழுத்து ஒட்டி அனுப்புங்கள். அதோடு கிராம சபையில் ஒரு தீர்மானம். வருஷத்துக்கு ஆறு கிராம சபை உண்டு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் சர்வே எண்ணோடு எழுதினார்களா என்று கூட்டம் கலையும் முன் பார்த்துவிடுங்கள்.

கரையில் செத்து ஒதுங்கும் பங்குனி ஆமைகளைப் பற்றிச் சுருக்கமாக. தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்; அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் இருக்கும் உயிர். வனத்துறையினர் ஓட்டின் வளைவோடு டேப் வைத்து அளக்கும் நீளம், அழுகல் நிலை, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். இந்தப் பதிவுகளைச் சேர்த்து வைத்தால், அந்தக் கரை ஆமை வரும் கரை என்று காட்ட உதவும். வலைக் கழிவு எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: மணலில் புதைந்த வலையை டிராக்டர் கட்டி இழுத்தால் மணலைப் பிடித்து வைக்கும் அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வேரோடு வந்துவிடும். அறுத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆயிரம் ரூபாய்தானே என்று நினைக்க வேண்டாம். அங்கே மொழி ஆங்கிலம். அ-பதிவேடு, கிராம சபைத் தீர்மானம், அலுவலகப் பதில்கள் எல்லாம் தமிழில். அத்தனைக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும், எத்தனை எதிர்மனுதாரரோ அத்தனை செட் நகல் வேண்டும். கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஜெராக்ஸுக்கும் மொழிபெயர்ப்புக்கும்தான் போகும். எதிர்மனுதாரர் பட்டியலை நீட்டிக்கொண்டே போகாதீர்கள், செலவு அங்கேதான் கூடுகிறது. மனுவில் கேட்கும் முக்கியக் கோரிக்கையோடு (இதைத்தான் பிரார்த்தனை என்பார்கள்) இடைக்காலத் தடைக்குத் தனி மனு சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் வழக்கு நடக்க நடக்கக் கட்டடமும் எழும்பி, "இவ்வளவு செலவழித்துவிட்டோம்" என்ற வாதம் வந்து நிற்கும்.

பெரும்பாலும் முதலில் ஒரு கூட்டுக் குழுவை அனுப்பி இடத்தைப் பார்க்கச் சொல்வார்கள். குழு வரும் தேதியை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று முன்பே எழுதிக் கேட்டு வையுங்கள், சொல்லாமலும் வந்து போவார்கள். அன்றைக்குப் போர் குழாய் மேல் மண் மூடியிருக்கும், மோட்டார் காணாமல் போயிருக்கும். பழைய படங்களும் கிணற்று நோட்டும் கிணற்றுக்காரர் இரண்டு பேரும் உங்களோடு இருந்தால் குழு அதை அறிக்கையில் எழுதாமல் போக முடியாது. அறிக்கை பாதகமாக வந்தால் அடுத்த வாய்தாவுக்குள் பத்தி பத்தியாக ஆட்சேபணை தாக்கல் செய்யுங்கள். ஆட்சேபணை இல்லாத அறிக்கை ஒத்துக்கொண்ட அறிக்கையாகிவிடும்.

உத்தரவு சாதகமாக வந்த அன்று இனிப்பு வாங்கலாம், ஆனால் கோப்பைக் கட்டி வைக்க முடியாது. சான்றிட்ட நகலைச் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தபாலில் அனுப்பி, உத்தரவில் சொன்ன கெடு முடிந்த மறுநாளே, எடுத்த நடவடிக்கை என்ன என்று அதே பத்து ரூபாய் விண்ணப்பத்தைப் போடுங்கள். செய்யாவிட்டால் நிறைவேற்று மனு. தோற்ற தரப்பு உச்ச நீதிமன்றம் போக 90 நாள் இருக்கிறது, அதுவரை எதையும் இடிக்காமல் இழுப்பார்கள். இடித்த பிறகு கான்கிரீட் துண்டுகளைக் கடற்கரையிலேயே தள்ளிவிட்டுப் போகாமல் பார்க்க வேண்டும். "கழிவை அகற்றி முந்தைய நிலைக்குக் கொண்டுவர" என்ற வாசகம் பிரார்த்தனையிலேயே இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். மேட்டைத் திருப்பிக் கட்ட மண் கொட்டச் சொல்லாதீர்கள். வெளியிலிருந்து வரும் செம்மண் அங்கே நிற்காது. காற்றுக்குக் குறுக்கே பனையோலைத் தட்டி நட்டால் மணல் தானாகச் சேரும். வாடை மழை தொடங்கும் ஐப்பசியில், மூன்று நாலு கணு உள்ள அடும்புத் துண்டுகளைப் பாதி புதைத்து நட்டுவிட்டு, முதல் கோடை முடியும் வரை ஆடும் வண்டியும் ஏறாமல் முள் அடைத்து வையுங்கள்.